நவரத்தினமும் பழைய நூல்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நகைக்கடையில் ராசிக்கல் பேச்சு வந்தால் போதும், "சாஸ்திரத்துலயே சொல்லியிருக்கு" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். எந்தச் சாஸ்திரம், யார் எழுதியது, அதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் பேச்சு அத்தோடு நின்றுவிடும். இந்தப் பழைய நூல்களை நான் பொழுதுபோக்காகப் படிக்க ஆரம்பித்த பிறகு, தெரிந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எதைப் போட்டால் கல்யாணம் கூடிவரும் என்பதற்கு மட்டும் இங்கே பதில் கிடையாது.

ரத்தின சாஸ்திரம் என்பது ஒரே நூலா?

இல்லை, அது ஒரு நூல் வகை. வடமொழியில் இதற்கு ரத்ன பரீட்சை என்று பெயர். பெயரில் பூஜையும் இல்லை, பரிகாரமும் இல்லை. பரீட்சைதான் இருக்கிறது. கல்லைக் கையில் வாங்கிப் பார்த்து நல்லதா, குற்றமுள்ளதா, என்ன விலை பெறும் என்று சொல்லும் வித்தை அது.

அர்த்தசாஸ்திரத்திலேயே இது வந்துவிடுகிறது. கருவூலத்துக்குள் வரும் ரத்தினங்களை எப்படிச் சோதித்து வாங்குவது என்று அதிகாரிக்குச் சொல்லும் பகுதி அது. முத்து எங்கெங்கிருந்து வருகிறது என்ற பட்டியலில் தாம்ரபர்ணியும் பாண்டிய கவாடமும் இடம்பெறுகின்றன. அப்புறம் 6ஆம் நூற்றாண்டில் உஜ்ஜயினி வராகமிகிரர் தம் பிருகத் சம்ஹிதையில் வைரம், முத்து, மாணிக்கம், மரகதம் நான்குக்கும் தனித்தனி அத்தியாயம் எழுதினார். புத்தபட்டர் என்ற பௌத்தர் ரத்ன பரீட்சை என்றே ஒரு நூல் செய்தார். கருட புராணத்தில் வரும் ரத்தினப் பகுதி பெரும்பாலும் இவருடைய நூலிலிருந்து எடுத்தாண்டதுதான். அகத்தியர் பெயரில் அகஸ்திமதம் என்று ஒன்று இருக்கிறது. பெயரைப் பார்த்துத் தமிழ் நூல் என்று நினைத்துவிட வேண்டாம், அதுவும் வடமொழிதான். இவற்றில் பலவற்றை லூயி ஃபினோ என்ற பிரெஞ்சு அறிஞர் 1896இல் பாரிஸில் பதிப்பித்தார்.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தவர் தக்கூர பேரு. தில்லியில் அலாவுதீன் கில்ஜியின் அரசில் வேலை பார்த்த ஜைனர். 1315இல் பிராகிருதத்தில் ஒரு ரத்தின நூல் எழுதினார். சுல்தானின் கருவூலத்தைக் கண்ணால் பார்த்தவர் என்பதால் எடைக்கு விலை என்று அட்டவணை போட்டுக் கொடுக்கிறார். பாரசீகத்திலிருந்து வந்த லால் என்ற சிவப்புக் கல், பிரோஜா என்ற நீலப்பச்சைக் கல் போன்றவற்றையும் சேர்த்துக்கொள்கிறார். முன்னோர் சொன்னதை மட்டும் ஒப்பிக்காமல் அன்றைய சந்தையில் என்ன விலைபோனது என்பதையும் எழுதிய மனிதர்.

தமிழில் இதைப் பற்றிப் பழைய குறிப்பு உண்டா?

உண்டு, அதுவும் சிலப்பதிகாரத்தில். மதுரைக் காண்டத்தில் ஊர்காண் காதை. கோவலன் மதுரை நகரைச் சுற்றிப் பார்க்கிறான். அப்போது ரத்தினக் கடைத்தெரு வருகிறது. இளங்கோ 'பளபளத்தது, மின்னியது' என்று வருணித்துவிட்டு நகர்ந்திருக்கலாம். அவர் செய்தது வேறு. ஒவ்வொரு கல்லையும் அதன் குற்றத்தை வைத்துச் சொல்கிறார்.

வைரத்துக்கு 'காகபாதமும் களங்கமும் விந்துவும் ஏகையும்' நீங்கியிருக்க வேண்டும். காகபாதம் என்றால் காக்கைக் கால் போன்ற கீறல். ஏகை என்றால் ரேகை, கீற்று. விந்து என்றால் புள்ளி. மரகதத்தில் கீற்றும் மாலையும் இருளும் இருக்கக்கூடாது. மாணிக்கத்தில் பதுமம், நீலம், விந்தம், படிதம் என்று நாலு சாதி. முத்து காற்றாலும் மண்ணாலும் கல்லாலும் நீராலும் வரும் குற்றம் நீங்கியதாக இருக்க வேண்டும். பவளத்தில் துளையும் முடக்கமும் திருக்கும் கூடாது. ஒரு காப்பியத்தின் நடுவே தர நிர்ணயக் கையேட்டின் ஒரு பக்கத்தைச் செருகியதுபோல இருக்கிறது.

இதில் ஒரு வரி எனக்கு இன்றும் வியப்பு. 'ஒருமைத் தோற்றத்து ஐவேறு வனப்பின்' என்கிறார். ஒரே பிறப்பு, ஐந்து விதமான அழகு. மாணிக்கம், புருடராகம் (புஷ்பராகம்), வைடூரியம், நீலம், கோமேதகம் ஐந்தும் ஒரே இனம் என்பது அந்தக் காலத்துக் கொள்கை. இதில் மாணிக்கமும் நீலமும் நிஜமாகவே ஒரே கனிமம், இரண்டும் குருந்தம். சேர்ந்திருக்கும் சிறு கலப்பு குரோமியம் என்றால் சிவப்பு, இரும்பும் டைட்டானியமும் என்றால் நீலம். இன்று மஞ்சள் புஷ்பராகம் என்று விற்கப்படுவதும் பல சமயம் இதே குருந்தத்தின் மஞ்சள் வகைதான். மற்ற இரண்டும் இந்தக் கணக்கில் வராது. ஆனால் ஆய்வகம் இல்லாத காலத்தில் ஐந்தில் இவ்வளவு பிடித்திருக்கிறார்களே!

இந்தப் பகுதிக்கு அடியார்க்கு நல்லார் எழுதிய உரையும் முக்கியம். உ.வே.சாமிநாதையர் 1892இல் மூலத்தையும் உரையையும் அச்சில் கொண்டுவந்தார். அந்த உரை இல்லாவிட்டால் இந்த வரிகளில் பாதி நமக்குப் புரிந்திருக்காது.

காகபாதம், களங்கம் எல்லாம் புலவர் சொல்லா, வியாபாரிகள் சொல்லா?

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டைப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். ராஜராஜன் தன் 29ஆம் ஆட்சியாண்டு வரை கோயிலுக்குக் கொடுத்த நகைகளைச் சுவரில் வெட்டி வைத்தான். எத்தனை கழஞ்சு, எத்தனை மஞ்சாடி, எத்தனை குன்றி, எத்தனை வைரம், எத்தனை முத்து என்று நகை நகையாகக் கணக்கு. அதில் வைரத்தைச் சொல்லும்போது பொத்து, முறிந்தது, இரத்தபிந்து (சிவப்புப் புள்ளி), காகபிந்து (கறுப்புப் புள்ளி), வெந்தது ஆகியவையும் உட்பட என்று எழுதியிருக்கிறார்கள். அரசன் சாமிக்குக் கொடுத்த நகையில் பழுது இருக்கிறது என்று கோயில் சுவரிலேயே பதிவு செய்திருக்கிறார்கள்! நாளை யாராவது நல்ல கல்லை எடுத்துவிட்டுப் பழுதுள்ளதை வைத்தால் தெரிந்துவிடும், ஆரம்பத்திலேயே பழுதாக இருந்ததற்குப் பண்டாரியைக் குற்றம் சொல்லவும் முடியாது.

முத்துக்கு இன்னும் நுணுக்கம். வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், பயிட்டம், அம்புமுது, கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து, குளிர்ந்தநீர், சிவந்தநீர் என்று தரம் பிரித்திருக்கிறார்கள். இதில் பாதிச் சொல் இன்று அகராதியில் மட்டும்தான் இருக்கிறது.

குன்றி என்பது குன்றிமணி விதைதான். 2 குன்றி ஒரு மஞ்சாடி, 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. குப்பையில் கிடந்தாலும் குன்றிமணி நிறம் மங்காது என்று சொல்கிறோமே, அந்தக் குன்றிமணி தட்டார் தராசில் எடைக்கல்லாக உட்கார்ந்திருந்தது. மேற்கே கேரட் என்ற சொல்லும் ஒரு விதையிலிருந்துதான் வந்தது, அது கேரப் மர விதை.

அசுரன் உடம்பிலிருந்து ரத்தினங்கள் பிறந்தன என்ற கதை எங்கே வருகிறது?

தமிழில் இதைப் படிக்கச் சரியான இடம் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம், மாணிக்கம் விற்ற படலம். பாண்டிய மன்னன் இறந்துபோகிறான். காமக்கிழத்தியரின் பிள்ளைகள் பொருளையும் மணிமுடியையும் கவர்ந்துகொள்கிறார்கள். பட்டத்துக்குரிய பிள்ளை சின்னவன். முடி செய்யக் கல் இல்லாமல் அமைச்சர்கள் சொக்கநாதரிடம் போய் நிற்கிறார்கள். சாமி ரத்தின வியாபாரியாக வருகிறார்.

வந்தவர் கல்லை நீட்டிவிட்டுப் போகவில்லை, ஒரு பெரிய விளக்கமே கொடுக்கிறார். வலன் என்ற அசுரன் இந்திரனுக்கு வரம் கொடுத்து, வேள்விப் பசுவாகத் தன்னையே தருகிறான். அவன் உடம்பு ரத்தினங்களாகிறது. குருதி மாணிக்கம், பல் முத்து, மயிர் வைடூரியம், எலும்பு வைரம், பித்தம் மரகதம், நிணம் கோமேதகம், தசை பவளம், கண் நீலம், கபம் புருடராகம். பிறகு எது எங்கே விளையும், எதற்கு என்ன குணம், என்ன குற்றம் என்று தொடர்கிறது. ரத்தின சாஸ்திரம் முழுவதையும் பரஞ்சோதியார் சிவபெருமான் வாயில் வைத்துவிட்டார்.

வடமொழி நூல்களில் பட்டியல் கொஞ்சம் மாறும். அங்கே வைடூரியம் அசுரனுடைய முழக்கத்திலிருந்து பிறக்கிறது, புஷ்பராகம் தோலிலிருந்து. ஒரு நூல் மயிர் என்கிறது, இன்னொன்று குரல் என்கிறது, எது சரி என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. நிறத்தைப் பார்த்து உறுப்பைப் பொருத்தியிருக்கிறார்கள். சிவப்பா, ரத்தம். பச்சையா, பித்தம். நூல்களுக்கு நடுவே வேறுபாடு வருவதெல்லாம் நிறத்தால் எளிதில் பொருந்தாத கற்களில்தான் என்பதைக் கவனித்தால் தெரியும்.

ஒன்பது கோளுக்கு ஒன்பது கல் என்பது எவ்வளவு பழையது?

நாம் நினைப்பதைவிடப் புதியது. சூரியனுக்கு மாணிக்கம், சந்திரனுக்கு முத்து, செவ்வாய்க்குப் பவளம், புதனுக்கு மரகதம், வியாழனுக்குப் புஷ்பராகம், சுக்கிரனுக்கு வைரம், சனிக்கு நீலம், ராகுவுக்குக் கோமேதகம், கேதுவுக்கு வைடூரியம் என்ற வரிசை எல்லோருக்கும் மனப்பாடம். வராகமிகிரர் சோதிடத்தில் பெரிய பெயர். அவர் ரத்தினத்தைப் பற்றி எழுதும்போதே இந்த வரிசையைக் காணோம். 22 கற்களைப் பட்டியலிடுகிறார், ஒன்பது அல்ல. நல்ல கல் அரசனுக்கு நன்மை தரும், கெட்ட கல் கேடு தரும் என்கிறார். யார் எந்தக் கோளின் தசையில் இருக்கிறார் என்று பார்க்கச் சொல்லவில்லை, கல் பழுதா இல்லையா என்றுதான் பார்க்கச் சொல்கிறார். நாம் மனப்பாடமாகச் சொல்லும் வரிசை 15ஆம் நூற்றாண்டளவில் எழுந்த ஜாதக பாரிஜாதம் போன்ற பிற்காலச் சோதிட நூல்களில் சுலோகமாகவே வருகிறது.

சிலம்பிலும் முத்தைச் சொல்லும் இடத்தில் 'சந்திர குருவே அங்காரகன்' என்று கோள்களின் பெயர் வருகிறது. ஆனால் அங்கே பேச்சு பரிகாரம் அல்ல, முத்தின் நீரோட்டம். வானத்தில் தெரியும் வெண்மையையும் செம்மையையும் முத்தில் காட்டுகிறார்கள்.

என் ஊகம் இது: 'பழுதுள்ள கல் ஆகாது' என்பது முதலில் வியாபாரப் பேச்சு. பழுதுள்ள கல் உடையும், விலை போகாது, வாங்கியவன் நட்டப்படுவான். அரசன் கழுத்தில் பழுதுக் கல் என்றால் மானக்கேடு. 'ஆகாது' என்ற அந்த ஒரு சொல் காலப்போக்கில் கேடு, சாவு, குலநாசம் என்று கனத்துப்போயிற்று. எந்தக் குற்றத்துக்கு என்ன கெடுதல் என்று நூல்கள் போடும் பட்டியலைப் பாருங்கள். விலையைக் குறைக்கும் குற்றத்துக்கெல்லாம் ஒரு கெடுதல் காத்திருக்கிறது.

வைடூரியம் பூனைக்கண் கல்தானே?

இன்றைக்கு நகைக்கடையில் ஆமாம். பழைய நூல்களில் அப்படிச் சொல்லிவிட முடியாது. அங்கே பல இடங்களில் வைடூரியம் என்பது பெரில் கல்லோடுதான் (மரகதமும் சேர்ந்த கனிம இனம்) பொருந்துகிறது. பிராகிருதத்தில் வேளுரிய, கிரேக்கத்தில் பெருல்லோஸ், அங்கிருந்து பெரில். ஜெர்மன் மொழியில் மூக்குக் கண்ணாடிக்கு இருக்கும் 'பிரில்லெ' என்ற சொல்லும் இதே வேரிலிருந்து போனதுதான்.

இதில் கொங்கு நாட்டுக்கு நேரடிப் பங்கு உண்டு. காங்கேயத்துக்குப் பக்கத்தில் படியூரில் பெரில் சுரங்கம் இருந்தது. நொய்யல் கரையில் கொடுமணலில் 1980களிலிருந்து நடந்த அகழாய்வுகளில் பெரில், நீலம், பளிங்கு, சூதுபவளம் எல்லாவற்றிலும் மணி செய்த பட்டறைகள் கிடைத்தன. முடிந்த மணி, பாதி வேலையில் நின்ற மணி, துளை போடும்போது உடைந்த மணி என்று எல்லா நிலையிலும் கிடைத்திருக்கின்றன. பதிற்றுப்பத்தில் 'கொடுமணம் பட்ட வினைமாண் அருங்கலம்' என்று வருவது இந்த ஊரைத்தான் என்கிறார்கள். ரோமில் பிளினி தம் இயற்கை வரலாற்றின் 37ஆம் புத்தகத்தில் பெரில் பெரும்பாலும் இந்தியாவில்தான் கிடைக்கிறது என்று எழுதிவிட்டு, இந்தியர்கள் பளிங்குக்குச் சாயமேற்றிப் போலி ரத்தினம் செய்யக் கற்றிருக்கிறார்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறார். 79இல் இறந்தவர் அவர். போலிக் கல் பற்றிய புகார் அவ்வளவு பழையது.

பெயர் மட்டும் கல் விட்டுக் கல் தாவும் கதை வைடூரியத்தோடு நிற்கவில்லை. சங்க இலக்கியத்தில் மணி என்றாலே பல இடங்களில் நீலமணி. அதனால்தான் திருமால் மணிவண்ணன், சிவன் மணிமிடற்றோன். இன்று மணி என்றால் பாசிமணியும் கோயில்மணியும் கடிகார மணியும்தான் நினைவுக்கு வருகின்றன. மரகதம் என்ற பெயர் நல்ல பச்சைக் கல் எல்லாவற்றுக்கும் ஓடியது. கொலம்பியாவின் மரகதம் 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின்காரர்கள் போன பிறகுதான் நம் பக்கம் வந்தது. அதற்கு முந்தைய நூலில் மரகதம் என்று படித்தால், இன்றைய கடைக் கல்லை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

எதிர்த்திசையிலும் ஒரு பயணம் உண்டு. மாணிக்கமும் நீலமும் சேர்ந்த கனிம இனத்துக்கு உலகமே இன்று கொரண்டம் என்கிறது. அது நம் குருந்தம்.

முத்து சிப்பியில் மட்டும்தானே கிடைக்கும்? யானை முத்து, மூங்கில் முத்து என்கிறார்களே?

சிப்பியினத்தில்தான் கிடைக்கும். ஆனால் வராகமிகிரரே யானை, பாம்பு, சங்கு, மேகம், மூங்கில், மீன், பன்றி என்று சிப்பியோடு சேர்த்து எட்டு இடம் சொல்கிறார். நம் ஆட்களுக்கு எட்டு போதவில்லை. பழைய தமிழ்ச் செய்யுள் ஒன்று முத்துப் பிறக்கும் இடம் இருபது என்கிறது: யானைத் தந்தம், பன்றிக் கொம்பு, சிப்பி, கமுகு, வாழை, நத்தை, சலஞ்சலம் என்ற சங்கு, மீன்தலை, கொக்கு, தாமரை, பெண்ணின் கழுத்து, நெல், மூங்கில், கரும்பு, பசுவின் பல், பாம்பு, மேகம், சந்திரன், உடும்பு, முதலை. சந்திரனில் முத்துக் குளித்தவர் யாரோ!

இந்தப் பட்டியலை அறிவியலாகப் படித்தால் சிரிப்பு வரும், கவிஞனுக்கான சரக்குப் பட்டியலாகப் படித்தால் அழகாக இருக்கும். வயலில் நெல் முத்துச் சொரிகிறது, ஆலைக் கரும்பு முத்து உதிர்க்கிறது என்று காப்பியங்களில் பக்கத்துக்குப் பக்கம் வருவது இந்த வழக்கால்தான்.

நிஜமான முத்துக்குளிப்புப் பற்றி அறிய மார்க்கோ போலோவைப் படிக்கலாம். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு வந்தவர். குளிப்பவர்களைச் சுறா கடிக்காமல் மந்திரம் போட பிராமணர்களைக் கூட்டிப்போவார்கள், எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்கு, பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு என்கிறார். அரசன் ஜெபம் எண்ணுவதற்காக முத்தும் மாணிக்கமும் கோத்த 104 மணி மாலை போட்டிருந்தான் என்றும் எழுதுகிறார். 108ஐத்தான் யாரோ தப்பாகச் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். பெரிய முத்தை நாட்டைவிட்டு வெளியே விற்கத் தடை. கொண்டுவந்தால் அரசனே இரட்டிப்பு விலைக்கு வாங்கிக்கொள்வானாம்.

நூல்களில் சொல்லும் சோதனைகள் இன்றைக்குப் பலிக்குமா?

சில பலிக்கும். வைரம் மற்ற எல்லாவற்றையும் கீறும், வைரத்தை வேறெதுவும் கீறாது என்பது அப்படியே உண்மை. ஆனால் உயர்ந்த வைரம் லேசாக இருக்கும், தண்ணீரில் மிதக்கும் என்கிறார் வராகமிகிரர். வைரம் தண்ணீரைப் போல மூன்றரை மடங்கு கனம், போட்டவுடன் முழுகிவிடும். உயர்ந்த இந்திரநீலத்தை நூறு மடங்கு பாலில் போட்டாலும் பால் நீலமாகும் என்று கருட புராணத்தில் வருகிறது. இதை வீட்டில் செய்து பார்க்கலாம். பாலும் கெடாது, கல்லும் கெடாது, நிறமும் மாறாது.

நூலில் இருப்பதைச் சோதித்துப் பார்த்தவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் அது அல்பிரூனி. கஜினி அரசவையில் இருந்தவர், 11ஆம் நூற்றாண்டு. ரத்தினங்களைப் பற்றி அரபியில் ஒரு பெரிய நூல் எழுதினார். மரகதத்தைப் பார்த்தால் பாம்பின் கண் வெடித்துவிடும் என்று அப்போது எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். இவர் ஒரு பாம்புக்கு மரகத மாலையைப் போட்டார், கீழே பரப்பி வைத்தார், கண்ணெதிரே ஆட்டிப் பார்த்தார். வெயில் காலம், குளிர் காலம் என்று ஒன்பது மாதம். பாம்புக்கு ஒன்றும் ஆகவில்லை, பார்வை கூர்மையாகியிருந்தால்தான் உண்டு என்று கேலியாக முடிக்கிறார். கல் எவ்வளவு நீரை விலக்குகிறது என்று அளந்து ஒவ்வொன்றின் ஒப்படர்த்தியையும் கணக்கிட்டவர் அவரே. கண்ணுக்கு ஒரே மாதிரித் தெரியும் இரண்டு கற்களைப் பிரித்தறிய இன்றும் ஆய்வகங்கள் பயன்படுத்தும் முறைகளில் அது ஒன்று.

கல்லுக்குச் சாதி சொல்கிறார்களே?

ஆமாம். வெள்ளை வைரம் பிராமணர், சிவப்பு சத்திரியர், மஞ்சள் வைசியர், கறுப்பு சூத்திரர் என்று பல நூல்களில் இருக்கிறது. சிலம்பும் 'நால்வகை வருணத்து' என்றுதான் சொல்கிறது. யார் எதை அணியலாம் என்று விதி போடும்போது இது வெறும் நிற வகைப்பாடாக நிற்கவில்லை. மூடி மறைக்க வேண்டியதில்லை, இன்று எடுத்துக்கொள்ள வேண்டியதும் இல்லை.

நாகரத்தினம் உண்மையா?

இல்லை. பாம்பு மணியை உமிழ்ந்து அந்த வெளிச்சத்தில் இரை தேடும் என்பது சங்கப் பாடல்களில் அழகாக வருகிறது. இரவில் மலைவழியே வரும் தலைவனுக்கு நேரும் ஆபத்தைச் சொல்ல அதைவிட நல்ல படம் கிடைக்காது. அதை நம்பி யாரிடமாவது பணத்தைக் கொடுத்தால் அப்புறம் போலீஸ் ஸ்டேஷன்தான்.

இலங்கைக்கு ரத்தினத் தீவு என்ற பெயர் ஏன்?

நிலத்தடியில் கிடப்பதால்தான். இரத்தினபுரிப் பக்கம் ஆற்றுப் படுகைகளில் புதைந்திருக்கும் சரளை மண்ணை 'இல்லம்' என்பார்கள். குழி வெட்டி, அந்த மண்ணை எடுத்துக் கூடையில் போட்டு நீரில் அலசினால் கனமான கல் அடியில் தங்கும். இன்றும் பல இடங்களில் இந்த முறைதான். 6ஆம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்ற கிரேக்க எழுத்தாளர், இத்தீவின் கோயிலொன்றின் உச்சியில் பெரிய பைன் காய் அளவுக்குச் சிவந்த கல் ஒன்று தூரத்திலிருந்தே மின்னும் என்று எழுதினார். மார்க்கோ போலோ காலத்தில் அது அரசனிடம் இருக்கும் மாணிக்கமாகிவிட்டது. ஒரு சாண் நீளம், மனிதக் கை பருமன். குப்லாய் கான் ஒரு நகரத்தையே விலையாகத் தருகிறேன் என்றும் முன்னோர் சொத்து, தரமாட்டேன் என்றானாம். அவ்வளவு பெரிய மாணிக்கம் இருந்திருக்குமா என்றால் நான் நம்பமாட்டேன். ஆனால் இலங்கைக் கல்லின் பெயர் எவ்வளவு தூரம் போயிருந்தது என்பது தெரிகிறது.

இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் கலந்த இலங்கைக் கல்லை உலகச் சந்தையில் பத்பரட்ஷா என்கிறார்கள். பத்மராகம் என்ற பழைய சொல்தான் வாய்க்கு வாய் மாறி அப்படியாயிற்று. பேருவளைச் சந்தையில் இன்றும் ரத்தினப் பேரம் பெரும்பாலும் தமிழ் பேசும் முஸ்லிம் வியாபாரிகளின் கையில்தான் நடக்கிறது.

சாபம் பிடித்த கற்கள்?

ஹோப் வைரத்தை எடுத்துக்கொள்ளலாம். கோல்கொண்டாப் பகுதிச் சுரங்கத்திலிருந்து வந்த நீல வைரம். 17ஆம் நூற்றாண்டில் தவேர்னியே என்ற பிரெஞ்சு வியாபாரி இங்கிருந்து கொண்டுபோனார். சிலையின் கண்ணிலிருந்து திருடினார், அதனால் நாய்கள் கடித்துக் குதறிச் செத்தார் என்பது கதை. மனிதர் எண்பது வயதைத் தாண்டி வாழ்ந்து 1689இல் ரஷ்யாவில் இறந்தார். 1911இல் ஒரு பணக்கார அமெரிக்கப் பெண்ணுக்கு அந்த வைரத்தை விற்ற பியர் கார்த்தியே சாபக் கதையை நன்றாக ஊதிப் பெருக்கிச் சொன்னார். சாபம் இருந்தால் விலை கூடும் என்று தெரிந்த வியாபாரி. 1958 முதல் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, கூட்டம் குறைந்தபாடில்லை.

பிறந்த மாதக் கல் நம் மரபா?

இல்லை. இன்று புழங்கும் பட்டியலை அமெரிக்க நகை வியாபாரிகள் சங்கம் 1912இல் முடிவு செய்தது. அதற்குப் பின்னணியாக விவிலியத்தில் ஆரோனின் மார்புப் பதக்கத்தில் வரும் 12 கற்களைச் சொல்வார்கள். ராசிக்கல்லும் மாதக்கல்லும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. இரண்டையும் கலந்து விற்பவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

கல் ஒருவரின் விதியை மாற்றியதாக நம் இலக்கியத்தில் எங்காவது இருக்கிறதா?

மறுபடி சிலம்புக்குத்தான் போக வேண்டும். கோவலன் நடந்துபோன அந்த ரத்தினக் கடைத்தெருவில் இருந்தவர்களை இளங்கோ 'வகைதெரி மாக்கள்' என்கிறார். கல்லைப் பார்த்த மாத்திரத்தில் வகை சொல்லிவிடும் ஆட்கள். கோவலன் அவர்களைக் கடந்து, தெருவை வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறான். அடுத்த முறை சிலம்போடு ஊருக்குள் வரும்போது எதிரே வருகிறவன் பொற்கொல்லன், பின்னால் நூறு தட்டார்.

அரண்மனையிலும் யாரும் சிலம்பைத் திறந்து பார்க்கவில்லை. ரத்தினத்தை இவ்வளவு கறாராகச் சோதிக்கத் தெரிந்த ஊரில், ஒரு உயிர் போகும் வழக்கில் அந்தச் சோதனை நடக்கவில்லை. கண்ணகி வந்து 'என் சிலம்பின் பரல் மாணிக்கம்' என்கிறாள். பாண்டியன், 'எங்கள் சிலம்பின் பரல் முத்து' என்கிறான். அந்த ஒரு பதிலிலேயே வழக்கு முடிந்துவிட்டது. சிலம்பைக் கொண்டுவரச் சொல்லி வைக்கிறான், அவள் உடைக்கிறாள். உள்ளிருந்து தெறித்த மாணிக்கம் அரசனின் வாயருகே போய்ப் பட்டது.